நேற்று எனும் காலச்சுட்டு: கடிகார மாற்ற நாள்களில் மென்பொருள் கொள்ளும் பொருள்

ஆய்வுச் சுருக்கம்

நேற்று, இன்று, நாளை ஆகிய சொற்கள் பேசுவோர் இருக்கும் நாளை மையமாகக் கொண்டு முன்பின் நாள்களைச் சுட்டுவன. கணினி நிரல்கள் இச்சொற்களை மணிக்கணக்காகவோ தேதி எண்ணாகவோ மாற்றியே பொருள் கொள்கின்றன. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் இம்மூன்று கணக்குகளும் ஒரே விடையைத் தருவதால் வேறுபாடு புலப்படுவதில்லை. கடிகாரம் முன்னோ பின்னோ நகர்த்தப்படும் நாள்களில் அவை பிரிந்துவிடுகின்றன. க்னூ, பிஎச்பி, கிட் ஆகிய மென்பொருள்கள் ‘நேற்று’ என்பதற்குக் கொள்ளும் பொருளையும், நியூயார்க், கொழும்பு, சமோவா ஆகிய இடங்களின் கடிகார மாற்றங்களையும் சான்றாகக் கொண்டு, இப்பிழை கணிதப் பிழையன்று, பொருண்மைப் பிழையே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழின் காலச்சுட்டுச் சொற்கள் இச்சிக்கலைத் தெளிவுபடுத்த உதவும் விதமும் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: காலச்சுட்டு, காலப்பெயர், கோடைக்கால நேரம், நேர மண்டலம், பொருண்மையியல், கணினித் தமிழ்

முன்னுரை

நியூயார்க் நகரில் இயங்கும் ஒரு கணினி, நாள்தோறும் நள்ளிரவு கழிந்து 12.30 மணிக்கு ‘நேற்றைய’ பதிவுகளைத் திரட்டி ஓர் அறிக்கை உருவாக்குவதாகக் கொள்ளலாம். 2024 மார்ச் 10 ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு அந்நகரின் கடிகாரங்கள் கோடைக்கால நேரத்திற்காக 3 மணிக்கு நகர்த்தப்பட்டன. மறுநாள் திங்கட்கிழமை 12.30 மணிக்கு நிரல் வழக்கம்போல் இயங்குகிறது. ‘நேற்று’ என்பதற்கு ‘இந்த நொடியிலிருந்து 24 மணி நேரத்திற்கு முன்’ என்று அது பொருள் கொண்டால், சென்று சேரும் இடம் ஞாயிற்றுக்கிழமை அல்ல; சனிக்கிழமை இரவு 11.30 மணி. ஞாயிறு 23 மணி நேரமே நீடித்ததே இதற்குக் காரணம். ஆகவே சனிக்கிழமை அறிக்கை இரண்டாம் முறை உருவாகும். ஞாயிற்றுக்கிழமை அறிக்கை உருவாகவே உருவாகாது.

நவம்பரில் இதன் மறுபக்கம் நிகழ்கிறது. 2024 நவம்பர் 3 ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 1 மணிக்குத் திருப்பப்பட்டது; அந்த நாளுக்கு 25 மணி நேரம். அன்றிரவு 11.30 மணிக்கு 24 மணி நேரம் பின்னோக்கிச் சென்றால் கிடைப்பது அதே ஞாயிற்றின் 12.30 மணி. நேற்று என்பது இன்றாகவே இருக்கிறது.

இவ்விரு நேர்வுகளிலும் நிரல் எவ்விதப் பிழைச்செய்தியும் தருவதில்லை. கழித்தல் சரியாகவே நடந்தது. விடையும் உண்மையான ஒரு தேதிதான். ஒரு நாளின் கணக்கு விடுபட்டதையோ இருமுறை பதிவானதையோ யாரேனும் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அறிய முடியும். நோயாளிக்கு நேற்று மருந்து தரப்பட்டதா, நேற்றுக்கு முந்தைய காப்புப்படிகளை அழிக்கலாமா என்பன போன்ற வினாக்களுக்கு விடை தரும் நிரல்களில் இத்தகைய ஓசையற்ற பிழை சிறியதன்று.

நாள் என்னும் சொல்லின் இரு பொருள்

தமிழ் இலக்கணம் பெயர்ச்சொல்லை அறுவகையாகப் பகுக்கையில் காலப்பெயரைத் தனி வகையாக வைக்கிறது. நேற்று, இன்று, நாளை ஆகியவை காலப்பெயர்களே எனினும், திங்கள், தை, கார் போன்ற காலப்பெயர்களிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகின்றன. யார், எப்போது பேசினார் என்பது தெரியாமல் அவற்றின் பொருளை உறுதிப்படுத்த இயலாது. அவ்வகையில் அவை இது, அது, இங்கு, அங்கு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த சுட்டுகள்.

மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் 1971இல் நிகழ்த்திய சுட்டு பற்றிய சொற்பொழிவுகளில் கால அலகுகளை நாள்காட்டி சார்ந்தவை, நாள்காட்டி சாராதவை என இரண்டாகப் பிரித்தார். ‘இந்த வேலைக்கு மூன்று நாள் ஆகும்’ என்னும்போது நாள் என்பது ஓர் அளவு; எந்நேரத்திலும் தொடங்கி எந்நேரத்திலும் முடியலாம். ‘மூன்றாம் நாள் வந்தான்’ என்னும்போது நாள் என்பது தொடக்கமும் முடிவும் உடைய ஒரு கட்டம். நேற்று, நாளை ஆகிய சொற்கள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இரவு 11.50 மணிக்கு நடந்த ஒன்றை 20 நிமிடம் கழித்து ‘நேற்று நடந்தது’ எனலாம். காலை 6 மணிக்கு நடந்ததை அன்றிரவு 11 மணிக்கும் ‘இன்று நடந்தது’ என்றே கூற வேண்டும். இடைப்பட்ட மணிகளின் எண்ணிக்கைக்கு இங்கே இடமில்லை. கடக்கப்பட்ட எல்லையே கணக்கு.

அந்த எல்லை எங்கே விழுகிறது என்பது வேறொரு வினா. பஞ்சாங்க மரபில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கி 60 நாழிகை ஓடுவது. பேச்சு வழக்கிலோ, பின்னிரவு 1 மணிக்கு விழித்திருப்பவர் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்றால் உறங்கி எழுந்த பின் என்றே பொருள். மென்பொருள்கள் இந்த நெகிழ்வைக் கையாள முயல்வதில்லை. நள்ளிரவையே எல்லையாகக் கொள்கின்றன. அது குறையெனினும், எல்லாரும் அறிந்த குறையாதலால் பெருந்தீங்கு விளைவதில்லை.

ஒரே சொல், மூன்று விளக்கம்

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் மனிதர் எழுதும் தேதிச் சொற்களைப் புரிந்துகொள்ளும் நிரல்கூறு நீண்ட வரலாறு உடையது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஸ்டீவன் பெல்லோவின் எழுதிய அது, 1990 ஆகஸ்டில் பெரிதும் திருத்தப்பட்டு, பின்னர் க்னூ திட்டத்தினரால் மேம்படுத்தப்பட்டது. இன்று லினக்ஸ் கணினிகளில் வழங்கும் ‘டேட்’ கட்டளையின் உள்ளே இருப்பது இதுவே. இதன் கையேடு ‘டுமாரோ’ என்பதை ‘ஒரு நாள்’ என்பதற்கும், ‘யெஸ்டர்டே’ என்பதை ‘ஒரு நாள் முன்’ என்பதற்கும் நிகராக வரையறுக்கிறது. அதாவது இங்கு நேற்று என்பது ஒரு நாள் அன்று, ஒரு நகர்வு. பிற்பகல் 3.15க்கு ‘நேற்று’ எனக் கேட்டால் முந்தைய தேதியின் பிற்பகல் 3.15 விடையாக வரும்.

பிஎச்பி மொழியில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு முந்தைய நாளின் நள்ளிரவு 12 மணி என்பது பொருள். எந்நேரத்தில் கேட்டாலும் அந்த நாளின் தொடக்கப் புள்ளியே கிடைக்கும். ‘ஒரு நாள் குறை’ என்று எழுதினால் மட்டுமே மணி மாறாமல் நகரும். சொல்லும் தொடரும் இங்கு வேறு வேறு பொருள் தருகின்றன. பேசுவோர் மொழியுணர்வுக்கு இது க்னூ விளக்கத்தைவிட நெருக்கமானது எனலாம்.

நிரலாளர்கள் தம் நிரல்களின் வரலாற்றைப் பேணப் பயன்படுத்தும் கிட் மென்பொருளோ, ‘யெஸ்டர்டே’ என்றதும் தற்போதைய நொடியிலிருந்து 24×60×60, அதாவது 86,400 நொடிகளைக் கழிக்கிறது. முன்னுரையில் கண்ட எடுத்துக்காட்டின் கணக்கு இதுவே. (இதே மென்பொருள் ‘டீ’ என்று எழுதினால் மாலை 5 மணி என்று புரிந்துகொள்ளும். அதனை இயற்றியோரின் அன்றாட வழக்கம் நிரலுக்குள் புகுந்துள்ளது. பொருள் கொள்ளுதல் பண்பாடு சார்ந்தது என்பதற்கு இதைவிடச் சிறிய சான்று கிடைப்பது அரிது.)

நிரல் ஒன்றில் ‘நேற்று’ என்று எழுதுபவர் இம்மூன்றில் எதனைக் கருதினார் என்பது சாதாரண நாள்களில் வெளிப்படுவதில்லை. தேதியை மட்டும் அச்சிட்டால் மூன்றும் ஒன்றே. ஒன்றாகத் தோன்றுவதுதான் இடர்.

க்னூ நிரல்கூறு வரையறையளவில் தேதியை நகர்த்துவதாயினும், நடைமுறையில் ஒரு நுட்பமான பொறியைக் கொண்டுள்ளது. தேதியோ மணியோ உடன் தராமல் சொல்லை மட்டும் தந்தால், கேட்கும் நொடியில் கோடைக்கால நேரம் நடப்பில் உள்ளதா என்னும் குறிப்பை அது முந்தைய நாளுக்கும் கொண்டு செல்கிறது. மார்ச் 11 நள்ளிரவு 12.30 கோடைக்கால நேரம். மார்ச் 10 நள்ளிரவு 12.30 கோடைக்கால நேரம் அன்று. பழைய குறிப்போடு கணக்கிட்டால் விடை ஒரு மணி நேரம் பிசகி, மார்ச் 9 இரவு 11.30 ஆகிறது. தேதி நகர்வாகத் தொடங்கியது 24 மணிக் கழித்தலாகவே முடிகிறது.

இதனால்தான் அனுபவமுள்ள நிரலாளர்கள் ‘நேற்று’ என்று மட்டும் கேளாமல் ‘நேற்று நண்பகல் 12 மணி’ என்று கேட்கும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். நண்பகல் நாளின் இரு எல்லைகளிலிருந்தும் ஏறத்தாழ 12 மணி தொலைவில் உள்ளது. ஒரு மணி நேரம் பிசகினாலும் தேதி மாறாது. எளிய உத்தி, ஆயினும் பொருளை நேராகச் சொல்லாமல் பிழைக்கு இடம் விட்டு விலகி நிற்பதே அது.

‘போன மாதம்’ என்பதற்கும் இத்தகைய சிக்கல் உண்டு. 2003 ஜூலை 31 அன்று ஒரு மாதம் குறைக்கச் சொன்னால் ஜூன் 31 என்னும் இல்லாத தேதி உருவாகி, அது ஜூலை 1 எனத் திருந்தும். போன மாதம் ஜூலை என்றாகிவிடும். க்னூ கையேடே இதனை எடுத்துக்காட்டி, மாதத்தின் 15ஆம் தேதியிலிருந்து கணக்கிடுமாறு அறிவுறுத்துகிறது. நண்பகல் உத்தியின் மாத வடிவம் இது.

நள்ளிரவு இல்லாத நாளும் இருமுறை வரும் நாளும்

நாளின் தொடக்கம் நள்ளிரவு 12 மணி என்னும் கொள்கையும் எல்லா இடத்தும் செல்லாது. அமெரிக்காவில் மாற்றம் அதிகாலை 2 மணிக்கு நிகழ்வதால் நள்ளிரவுக்குத் தீங்கில்லை. பிரேசிலில், கோடைக்கால நேரம் நடப்பில் இருந்த காலத்தில், மாற்றம் நள்ளிரவிலேயே நிகழ்ந்தது. சாவோ பாவுலோவில் 2018 நவம்பர் 3 சனிக்கிழமை இரவு 11.59க்கு அடுத்த நிமிடம் ஞாயிறு அதிகாலை 1 மணி. அந்த ஞாயிற்றுக்கு நள்ளிரவு 12 மணி என்று ஒன்று இல்லை. அவ்விடத்து நேர மண்டலத்தில் க்னூ ‘டேட்’ கட்டளைக்கு 2018-11-04 என்று தேதியை மட்டும் தந்தால், மணி தரப்படாத இடத்தில் 12 என்று தானே இட்டுக்கொண்டு, அந்நேரம் இல்லாமையால் ‘செல்லாத தேதி’ என்று மறுக்கும். ஒரு முழு நாட்டினர் வாழ்ந்த நாளைச் செல்லாது என்று கூறுவது பொருண்மைப் பிழையின் உச்சம் எனலாம்.

தமிழர் வாழும் நிலத்திலும் இது நிகழ்ந்துள்ளது. உலக நேர மண்டலத் தரவுத்தளத்தில் கொழும்புக்கான பதிவின்படி, 1996 மே 25 நள்ளிரவில் இலங்கையின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்தது, 5.30 மணி வேறுபாடு 6.30 ஆயிற்று. அந்த நாளுக்கும் நள்ளிரவு இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று 12.30 மணிக்குக் கடிகாரம் அரைமணி பின்னே வந்து 12 ஆயிற்று. 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் 12.30க்கு அரைமணி பின்வந்து 5.30 வேறுபாட்டில் நிலைபெற்றது. ஆகவே இவ்விரு நாள்களிலும் நள்ளிரவு 12 மணி இருமுறை வந்தது. ஒவ்வொரு நாளும் 24½ மணி நேரம் நீடித்தது. அந்நாளில் பிறந்த ஒருவரின் பிறந்த தேதியை நள்ளிரவு நேரத்தோடு இணைத்துச் சேமிக்கும் தரவுத்தளம், ஒன்றில் இல்லாத நேரத்தையும் மற்றவற்றில் ஐயத்திற்குரிய நேரத்தையும் சேமிக்கிறது.

ஜாவா மொழிக்கு எழுதப்பட்ட ஜோடா டைம் நூலகத்தில் நள்ளிரவைக் குறிக்கவே ஒரு தனி வகுப்பு இருந்தது. சில மண்டலங்களில் சில நாள்களுக்கு நள்ளிரவே இல்லை என்னும் காரணத்தைக் காட்டி அதன் பயன்பாடு பின்னர் கைவிடப்பட்டது. 2014இல் வெளிவந்த ஜாவா 8 ‘நள்ளிரவு’ என்பதை விடுத்து ‘நாளின் தொடக்கம்’ என்னும் கருத்தைக் கொண்டது. சாவோ பாவுலோவின் அந்த ஞாயிற்றுக்கு அது 1 மணி என்று விடை தருகிறது. நள்ளிரவு இருமுறை வரும் நாளில் முதலாவதைத் தெரிவு செய்கிறது. பெயர் மாற்றமாகத் தோன்றும் இது உண்மையில் பொருண்மைத் திருத்தம்.

நாளே இல்லாத நாள்

இதுவரை கண்டவற்றிலிருந்து ‘மணியை எண்ணாதே, தேதியை எண்ணு’ என்னும் விதியை வகுத்துவிடலாம் எனத் தோன்றும். சமோவா அதற்குத் தடையாக நிற்கிறது. பன்னாட்டுத் தேதிக் கோட்டின் மறுபுறம் செல்ல முடிவெடுத்த அந்நாடு 2011 டிசம்பர் 30 வெள்ளிக்கிழமையைத் தன் நாள்காட்டியிலிருந்து நீக்கியது. டிசம்பர் 29 வியாழன் முடிந்ததும் டிசம்பர் 31 சனி தொடங்கியது. வியாழன் நண்பகலில் அங்குள்ள ஒருவர் ‘நாளை’ என்றால் சனிக்கிழமை. ‘நாளை மறுநாள்’ என்றால் 2012 ஜனவரி 1 ஞாயிறு.

ஜாவா 8இல் அந்த நண்பகலோடு ஒரு நாளைக் கூட்டினால், தேதி எண் 30 ஆகி, அது இல்லாத நேரமாதலால் இடைவெளியின் அளவான 24 மணி நேரம் முன்தள்ளப்பட்டு, 31 நண்பகல் விடையாக வரும். இது சரி. இரண்டு நாள்களைக் கூட்டினாலும் தேதி எண் 31. அந்த நண்பகல் உள்ளதாதலால் அதுவே விடை. நாளையும் நாளை மறுநாளும் ஒன்றாகிவிடுகின்றன. மாறாக, 48 மணி நேரத்தைக் கூட்டினால் ஞாயிறு நண்பகல் சரியாகக் கிடைக்கிறது. நியூயார்க்கில் பிழைத்த முறை சமோவாவில் சரியாகிறது. அங்கு சரியான முறை இங்கு பிழைக்கிறது.

எனவே ‘நாளை’ என்னும் சொல் எண்ணுவது மணியையும் அன்று, தேதி எண்ணையும் அன்று. அவ்விடத்து மக்கள் உண்மையில் கடக்கும் நாள்களை. அவற்றின் நீளம் 23, 24, 24½, 25 மணி என எவ்வளவாகவும் இருக்கலாம். அவற்றின் எண்கள் இடைவிட்டும் செல்லலாம். கடிகார மாற்றங்கள் சில நேரங்களில் 24 மணி நேரம் வரை இருந்துள்ளன என்று க்னூ கையேடு எச்சரிப்பது இத்தகைய நேர்வுகளைக் கருதியே.

தரப்பாடுகள் காட்டும் பிரிவு

நாள்காட்டிச் செயலிகளுக்கான 2009ஆம் ஆண்டுத் தரப்பாடான ஆர்எஃப்சி 5545, ‘ஒரு நாள்’ என்பதையும் ‘24 மணி’ என்பதையும் வேறு வேறு குறியீடுகளால் எழுதச் செய்து, நாளின் உண்மை நீளம் நாள்காட்டியில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்கிறது. ஜாவா 8 இவ்விரண்டையும் இரு தனி வகுப்புகளாக்கியது. யுனிக்ஸ் மரபின் போசிக்ஸ் தரப்பாட்டிலோ நாளுக்கு எப்போதும் 86,400 நொடிகளே. பைத்தான் மொழி மற்றொரு எல்லையில் நிற்கிறது: ஒரே நேர மண்டலத்தில் 24 மணி நேரத்தைக் கூட்டினாலும் அது கடிகார முகத்தில் 24 மணி நகர்த்துமேயன்றி, கடந்த நேரத்தைக் கணக்கிடாது. மார்ச் 9 இரவு 11.30உடன் 24 மணியைக் கூட்டினால் நியூயார்க்கில் மார்ச் 10 இரவு 11.30 கிடைக்கும், உண்மையில் கடந்தவை 23 மணி. நாளை மணியாக்குவது ஒரு பிழை. மணியை நாளாக்குவது அதன் இணை.

உலகப் பொது நேரத்தில் கணக்கிட்டால் இடர் தீரும் என்பது பரவலான அறிவுரை. அதனைச் சிந்தியாமல் ஏற்றால், கடிகார மாற்றமே இல்லாத இந்தியாவில் புதிய பிழை முளைக்கும். சென்னையில் ஒரு மாதத்தின் 12ஆம் தேதி காலை 5 மணி என்பது உலகப் பொது நேரத்தில் 11ஆம் தேதி இரவு 11.30. அங்கிருந்து ‘நேற்று’ என்றால் 10ஆம் தேதி. சென்னையில் இருப்பவருக்கு அது முந்தாநாள். நாள்தோறும் காலை 5.30 மணி வரை இப்பிழை நீடிக்கும். ஆண்டுக்கு இருமுறை வருவதைத் தவிர்க்க அன்றாடம் ஒன்றை வரவழைப்பது அறிவுடைமையன்று. முதலில் பேசுவோரின் இடத்தில் இன்று என்ன தேதி என்பதை உறுதிசெய்து, அந்தத் தேதியிலிருந்து நாள்காட்டி வழியே ஒரு நாள் பின்சென்று, அதன் பிறகே அந்நாளின் தொடக்கத்தையும் அதற்கடுத்த நாளின் தொடக்கத்தையும் நொடிகளாக மாற்ற வேண்டும். இவ்வரிசை மாறினால் பொருளும் மாறும்.

தமிழ்ச் சொற்களும் நிரலும்

யூனிகோடு கூட்டமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பில் தமிழுக்கு நேற்று, இன்று, நாளை ஆகியவற்றோடு ‘நேற்று முன் தினம்’, ‘நாளை மறுநாள்’ ஆகியவையும் இடம்பெற்றுள்ளன. ஆங்கிலத்திற்கு இவ்விரண்டுக்கும் நிகரான தனிப்பெயர்கள் அதில் இல்லை. உலாவிகளில் இயங்கும் நிரல் −1 என்னும் எண்ணைத் தந்தால் ‘நேற்று’ என்றும், −2 தந்தால் ‘நேற்று முன் தினம்’ என்றும் தமிழில் விடை வரும். எண்ணைச் சொல்லாக்குவதே இத்தொகுப்பின் பணி. எண்ணைக் கண்டறிவது நிரலாளரின் பொறுப்பு. அவர் இரு நள்ளிரவுகளுக்கு இடைப்பட்ட மணிகளை 24ஆல் வகுத்துப் பின்னத்தை நீக்கினால், 2024 மார்ச் 11 தொடங்கும் நொடியில் நியூயார்க்கில் ஞாயிறு 23 மணி முன் தொடங்கியதாகி ‘இன்று’ எனப்படும். சனி 47 மணி முன் தொடங்கியதாகி ‘நேற்று’ எனப்படும். ஆங்கிலப் பயனர் ‘2 நாள்கள் முன்’ என்னும் எண் தொடரில் ஒரு பிசகைப் பொறுத்துக்கொள்ளக்கூடும். ‘நேற்று முன் தினம்’ என்று தனிப்பெயரால் சுட்டும் மொழியில் அதே பிசகு தெளிவான பொய்யாகிறது.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. தமிழில் ‘நாளை’ பேசும் நாளிலிருந்து மட்டுமே எண்ணப்படும். வேறொரு நாளை மையமாகக் கொண்டால் ‘மறுநாள்’ என்றே கூற வேண்டும். ‘மார்ச் 9ஆம் தேதி வந்தார், நாளை சென்றார்’ என்பது வழு. க்னூ நிரல்கூறோ ஒரு தேதியுடன் ‘டுமாரோ’ என்று சேர்த்து எழுதினால் அத்தேதிக்கு அடுத்த நாளைத் தருகிறது. அதாவது அச்சொல்லுக்கு அது கொண்ட பொருள் ‘நாளை’ அன்று, ‘மறுநாள்’. சுட்டையும் சார்பையும் ஒரே கருவிக்குள் அடக்கியதால்தான், தேதி தந்தபோது ஒரு வகையாகவும் தராதபோது மற்றொரு வகையாகவும் கோடைக்காலக் குறிப்பு கையாளப்படும் நிலை அங்கு எழுகிறது. தமிழ் உரையைப் பொருள்கொள்ளும் நிரல்கள் ‘நாளை’, ‘மறுநாள்’ இரண்டையும் ஆங்கிலத்தின் ஒரே சொல்லுக்கு மாற்றி, அதன்பின் தேதியைக் கணக்கிடுமாயின், மொழி தானே பிரித்து வைத்திருக்கும் ஒரு தெளிவை முதற்படியிலேயே இழக்கும். டொராண்டோவிலும் இலண்டனிலும் வாழும் தமிழர் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுபவர்கள். அங்கிருந்து ‘நாளை காலை 6 மணிக்கு எழுப்பு’ என்று தமிழில் இடப்படும் கட்டளையை ஏற்கும் நிரலுக்கு, அது 24 மணிக் கூட்டலன்று, அவ்விடத்து அடுத்த நாளின் 6 மணி என்பதைச் சொல்லின் இலக்கணமே முன்கூட்டி அறிவித்துவிடுகிறது.